என்எஸ்எஸ் கேம்ப் போனவரா நீங்க? அதுக்கு விதை போட்டவர் ஒரு திருத்தணிக்காரர்!

காலேஜில் படிக்கும்போது ஏழு நாள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கி, ஏரிக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டி, கண் பரிசோதனை முகாமுக்கு வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். நாட்டு நலப்பணித் திட்டம் எனப்படும் என்எஸ்எஸ்-ஸின் சிறப்பு முகாம் அது. செப்டம்பர் 24 என்எஸ்எஸ் தினம். அதற்குப் பத்தொன்பது நாள் முன்னால் வரும் செப்டம்பர் 5, நாம் எல்லோரும் வாழ்த்து ஃபார்வர்டு செய்கிற ஆசிரியர் தினம். இந்த இரண்டு தேதிகளையும் இணைக்கிற பெயர் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஆசிரியர் தினம் எல்லாருக்கும் தெரியும். என்எஸ்எஸ் கதைதான் பலருக்குத் தெரியாது.

தமிழரா, தெலுங்கரா?

ஒவ்வொரு செப்டம்பரிலும் சோஷியல் மீடியாவில் இந்தச் சண்டை கிளம்பும். பதில் சிம்பிள்தான். வீட்டு மொழி தெலுங்கு, பிறந்த ஊர் திருத்தணி. முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது, வருஷத்தின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் கொண்ட மலைக்கோயில் ஊர். ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தபோது அது சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பெயருக்கு முன்னால் வரும் சர்வபள்ளி, முன்னோர்களின் கிராமம். அது நெல்லூர்ப் பக்கம்.

1952 மே மாதம் அவர் துணைக் குடியரசுத் தலைவர் ஆனபோது திருத்தணி சென்னை ராஜ்யத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய வடக்கு எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பக்கம் திரும்பியது. அவர் டெல்லியில் அதே நாற்காலியில்தான் இருந்தார். சொந்த ஊர்தான் மாநிலம் விட்டு மாநிலம் போய் வந்தது!

ஓசியில் கிடைத்த புத்தகம்

அப்பா வீராசாமி, ஜமீன்தாரிடம் வருவாய்த் துறை வேலை பார்த்த சாதாரண ஊழியர். அம்மா சீதம்மா. குடும்பம் பெரிசு, சம்பளம் சின்னது. திருத்தணியில் தொடக்கப் பள்ளி, பிறகு திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, கடைசியில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. எம்சிசி என்றால் இன்று தாம்பரம் ஞாபகம் வரும். அன்று அது பாரிமுனைப் பக்கம் இருந்தது. இத்தனை படிப்புக்கும் கைகொடுத்தது கல்வி உதவித்தொகைதான்.

தத்துவத்தை அவர் பெரிய லட்சியத்தோடு தேர்ந்தெடுக்கவில்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன்னுடைய தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம். அப்போ தத்துவமே படிச்சிடலாம் என்று முடிவானது. அவ்வளவுதான். உலகம் கொண்டாடிய ஒரு தத்துவப் பேராசிரியரை உருவாக்கியது செகண்ட் ஹேண்ட் புத்தகங்கள்!

பதினாறு வயதுக்கு முன்பே சிவகாமுவுடன் கல்யாணம். செலவுக்கு டியூஷன் எடுத்தார். எம்.ஏ.வுக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றி எழுதிய ஆய்வுரை அவருடைய இருபதாவது வயதில் அச்சானது. பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் அதை வெகுவாகப் பாராட்டினார். 1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை கிடைத்தது. 1918-ல் மைசூர். 1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர். மைசூரை விட்டுக் கிளம்பிய அன்று மாணவர்கள் வண்டியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே ரயில்வே ஸ்டேஷன் வரை இழுத்துப் போனார்கள் என்பது பள்ளிக்கூட மேடைகளில் நாம் அலுக்க அலுக்கக் கேட்ட கதை.

அதன் பிறகு ஏறுமுகம்தான். 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். காசியில் இருந்தபோது 1942 வந்தது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மாணவர்கள் குதித்ததும், வளாகத்தையே போர்க்கால மருத்துவமனை ஆக்கிவிட மாகாண ஆளுநர் ஹாலெட் திட்டம் போட்டார். ராதாகிருஷ்ணன் டெல்லிக்கு ஓடி, வைஸ்ராயிடம் பேசி, அதைத் தடுத்தார். மாணவர்களை அடக்கி வைப்பதா, அவர்கள் வேகத்தை வேறு வேலைக்குத் திருப்புவதா என்பது அன்றைய துணைவேந்தர்கள் எல்லோருக்கும் இருந்த தலைவலி.

பத்துப் பேர் கமிட்டி

சுதந்திரம் வந்தாச்சு. நாட்டில் பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1951 கணக்கெடுப்பில் கூட எழுத்தறிவு 18.33 சதவீதம்தான். அதாவது ஐந்து பேரில் ஒருவர் கூட இல்லை. இந்த நிலைமையில் காலேஜ் வரை வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிறு கூட்டம். அந்தக் கூட்டம் மீதி நாட்டுக்கு என்ன செய்யும்?

1948 நவம்பரில் மத்திய அரசு பல்கலைக்கழகக் கல்விக் குழுவை அமைத்தது. தலைவர் ராதாகிருஷ்ணன். மொத்தம் பத்துப் பேர். விஞ்ஞானி மேக்நாத் சாஹா, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு வடிவம் கொடுத்த ஜாகிர் உசேன் ஆகியோர் அதில் இருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களும் உண்டு. அவர்களில் அமெரிக்கரான ஆர்தர் மார்கன் சுவாரசியமான ஆள். என்ஜினீயர். ஒஹையோவில் ஆன்டியாக் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, சில மாதம் வகுப்பு, சில மாதம் வெளியே வேலை என்று பாடத்திட்டத்தையே மாற்றி அமைத்தவர். ஜாகிர் உசேனும் மார்கனும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால், கையும் காலும் அசையாத படிப்பைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

1949 ஆகஸ்டில் அறிக்கை தயார். பள்ளி, இன்டர்மீடியட் எல்லாம் சேர்த்து 12 வருஷப் படிப்பு, அதன்பின் மூன்று வருஷ டிகிரி, பல்கலைக்கழக மானியக் குழு, கிராமப் பல்கலைக்கழகங்கள் என்று பல பரிந்துரைகள். கூடவே, கல்வி நிலையங்களில் தேசிய சேவை. மாணவருக்கும் ஆசிரியருக்கும் நல்ல உறவு வளர வேண்டும், கல்லூரிக்கும் சுற்றியுள்ள ஊருக்கும் உருப்படியான தொடர்பு இருக்க வேண்டும் என்பது நோக்கம். அதில் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. சேவை விருப்பத்தின் பேரில் நடக்க வேண்டும், கட்டாயம் கூடாது.

இங்கே ஒரு திருத்தம். ராதாகிருஷ்ணன் தலைமையிலான யுஜிசி இதைப் பரிந்துரைத்தது என்று என்எஸ்எஸ் வரலாறு சொல்லும் பல பக்கங்களில் பார்க்கலாம். அது தப்பு. யுஜிசி 1953-ல்தான் தொடங்கியது, சட்ட அந்தஸ்து வந்தது 1956-ல். அந்த யுஜிசியே இதே குழு சொல்லித்தான் வந்தது. டிஎன்பிஎஸ்சி படிப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

கட்டாயமா, விருப்பமா: 20 வருஷ இழுபறி

அறிக்கையைக் கொடுத்த கையோடு ராதாகிருஷ்ணன் தூதராக மாஸ்கோ போய்விட்டார். சேவை யோசனை டெல்லி ஃபைல்களில் மாட்டிக்கொண்டது. 1950-ல் மத்திய கல்வி ஆலோசனை வாரியம் மாணவர்கள் விரும்பிச் செய்யும் உடலுழைப்பை ஆதரித்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு, மாணவர்கள் ஒரு வருஷம் சேவை செய்யலாமே என்றது. 1958-ல் பிரதமர் நேரு இன்னும் ஒரு படி மேலே போனார். பட்டம் வாங்கவே சமூக சேவையை ஒரு தகுதியாக வைக்கலாமா என்று முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். 1959-ல் சி.டி. தேஷ்முக் குழு ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை கட்டாய சேவை என்றே சொல்லிவிட்டது.

காசு? அங்கேதான் நின்றது. அத்தனை மாணவர்களுக்கும் சாப்பாடு, தங்க இடம், மேற்பார்வைக்கு ஆட்கள் வேண்டும். செலவைப் பார்த்ததும் திட்டம் ஓரம் போனது. அடுத்து கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் இளைஞர் சேவைத் திட்டங்களை ஆராய்ந்து வந்து, விருப்பத்தின் பேரில் நடத்துவதே சரி என்றார். பத்து வருஷம் சுற்றிவிட்டு 1949-ல் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தாச்சு.

கட்டாயம் வேறு வாசல் வழியாக வந்தது. 1962-ல் சீனாவோடு போர். அந்த வருஷம்தான் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவர் ஆனார். பிறந்தநாள் கொண்டாட வந்தவர்களிடம் அதை ஆசிரியர்களுக்கான நாளாக்கச் சொன்னதும் அதே வருஷம். போர் கொடுத்த அடியில் 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்சிசி கட்டாயமாக்கப்பட்டது. சில வருஷங்களிலேயே அது சலித்துப்போய், 1968-ல் மறுபடி விருப்பப் பாடம் போல ஆனது. என்சிசி வேண்டாம் என்பவர்களுக்கு வேறு என்ன கொடுப்பது என்ற கேள்வி எழுந்தபோதுதான், தூசு படிந்த தேசிய சேவை ஃபைல் மறுபடி மேஜைக்கு வந்தது. கோத்தாரி கல்விக் குழுவும் மாணவர்கள் எல்லா நிலையிலும் சமூக சேவையோடு இணைய வேண்டும் என்று சொல்லியிருந்தது.

1969 செப்டம்பர் 24, காந்தி நூற்றாண்டு வருஷம். 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு என்எஸ்எஸ் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ். கேம்பிரிட்ஜில் படித்த பொருளாதார மேதை, டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸை நிறுவியவர். அவர் பிறந்த ஊர் காஞ்சிபுரம்! திருத்தணியில் பஸ் ஏறினால் அரக்கோணம் தாண்டி வருகிற ஊர். யோசனை சொன்ன குழுவின் தலைவர் ஒரு கோயில் ஊர், நடத்திக் காட்டிய அமைச்சர் பக்கத்துக் கோயில் ஊர்.

240 மணி நேரத்தை யார் கொடுக்க முடியும்?

இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை, தத்தெடுத்த கிராமத்தில் ஒரு சிறப்பு முகாம். இதுதான் என்எஸ்எஸ் கணக்கு. எழுபதுகளில் பஞ்சம், சுகாதாரம், மரம் நடுதல் என்று வருஷத்துக்கு ஒரு தலைப்பு. 1986-ல் வந்த மக்கள் எழுத்தறிவுத் திட்டத்தில், படிக்காத ஒருவருக்கு ஒரு மாணவர் என்ற முறையில் என்எஸ்எஸ் பிள்ளைகள் சிலேட்டும் கையுமாகப் போனார்கள். ராதாகிருஷ்ணன் குழு கேட்ட கல்லூரி–ஊர் தொடர்புக்கு அதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது.

மற்ற நாடுகள் வேறு வழிகளில் போயின. நைஜீரியா 1973-ல் பட்டதாரிகளுக்கு ஒரு வருஷ சேவையைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் ஏழைப் பகுதிகளில் வேலை செய்ய விஸ்டா 1965-லும், பிறகு தொண்ணூறுகளில் அமெரிகார்ப்ஸும் வந்தன. விருப்பத்தின் பேரில்தான் சேர வேண்டும், ஆனால் சாப்பாட்டுச் செலவுக்குப் படி உண்டு. நம்ம ஊரில் டீ, பன், சர்டிஃபிகேட்.

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. சம்பளம் இல்லாத சேவை, நேரம் உபரியாக உள்ளவர்களுக்கு எளிது. காலையில் பேப்பர் போட்டு, மாலையில் துணிக்கடையில் நின்று ஃபீஸ் கட்டுகிற முதல் தலைமுறை மாணவருக்கு 240 மணி நேரம் என்பது வருமான இழப்பு. டியூஷன் எடுத்துப் படித்த அந்தத் திருத்தணிப் பையனே இந்தத் திட்டத்தில் சேரத் திணறியிருப்பான். 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வைத்ததில் இந்த யதார்த்தம் தெரிகிறது. தொகை சின்னது, ஆனால் பஸ் காசையாவது சொந்தக் கையிலிருந்து போடச் சொல்லவில்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இன்று நம் கலைக் கல்லூரிகளில் விரிவாக்கப் பணி என்று ஒரு கிரெடிட் உண்டு. என்எஸ்எஸ், என்சிசி, விளையாட்டு என ஏதோ ஒன்றில் பெயர் கொடுத்தே ஆகணும். குழு வேண்டாம் என்று சொன்ன கட்டாயம் மார்க்ஷீட் வழியாக மெல்ல உள்ளே வந்துவிட்டது.

கிராமப் பல்கலைக்கழக யோசனைக்கும் அரைகுறை வாழ்வுதான். நாடு முழுக்க சில கிராமிய நிறுவனங்கள் 1956 வாக்கில் தொடங்கப்பட்டன. அவற்றில் ஒன்றாக டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் வளர்த்த திண்டுக்கல் காந்திகிராமம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி இன்றும் நிற்கிறது.

ராதாகிருஷ்ணன் 1967 மே மாதம் பதவிக்காலம் முடிந்து மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் இருந்த கிரிஜா என்ற தன் வீட்டுக்குத் திரும்பினார். அவருக்குப் பின் குடியரசுத் தலைவரானவர் அதே குழுவில் உடன் இருந்த ஜாகிர் உசேன். என்எஸ்எஸ் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1969 மே மாதம், பதவியில் இருக்கும்போதே அவர் இறந்துபோனார். ராதாகிருஷ்ணன் திட்டம் தொடங்கியதைப் பார்த்தார். அப்போது வயது 81. 1975 ஏப்ரல் 17 அன்று சென்னையில் காலமானார். அந்த வருஷம் கிடைத்த டெம்பிள்டன் விருதுப் பணம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனது. எட்வர்ட் எலியட்ஸ் சாலைக்குத்தான் இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர்.