சங்கீதத்தின் காரியஸ்தர்

வித்வானின் பெயரை உலகம் போற்றுகிறது; அவருக்கு மேடை தேடி, சன்மானம் பேசி, ஜனங்களிடம் கொண்டு சேர்க்கும் காரியஸ்தரை மறந்துவிடுகிறது. ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் கணவரும் காரியஸ்தருமாகிய ஸ்ரீ டி. சதாசிவம் இதற்கு விலக்கானவர்.

1902-ஆம் வருஷம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் பிறந்த அவர், வாலிபத்திலேயே தேசீய இயக்கத்தில் புகுந்து சிறை சென்றார். ராஜாஜியின் அத்தியந்த அன்பரானார். பின்னர் 'ஆனந்த விகட'னில் விளம்பர இலாகாவை நிர்வகித்தார். 1940-ல் திருநீர்மலையில் விவாகம் நடந்தது. மறு வருஷம் 'சாவித்திரி' படத்தில் அம்மையார் நாரதர் வேஷம் தரித்து ஈட்டிய தொகை 'கல்கி' பத்திரிகைக்கு மூலதனமாயிற்று. 1945-ல் 'மீரா' படத்தைத் தயாரித்து, 1947-ல் அதனை ஹிந்தியிலும் வெளியிட்டு, அம்மையாரின் கீர்த்தியை வடநாடெங்கும் பரவச் செய்தவர் அவரே. 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையிலும் அந்தக் குரல் ஒலித்தது.

எந்தக் கச்சேரியை ஒப்புக்கொள்வது, எந்தச் சபையில் எந்தப் பாட்டைப் பாடுவது என்பன எல்லாம் அவர் தீர்மானமே. முன்வரிசையில் அமர்ந்து மேடைக்கு அவர் குறிப்புக் காட்டுவதை ரஸிகர்கள் அறிவார்கள்.

மேல்நாட்டில் பீட்டில்ஸ் குழுவினருக்குக் காரியஸ்தராயிருந்து 1967-ல் காலமான பிரையன் எப்ஸ்டீன், வருமானத்தில் நூற்றுக்கு 25 பங்கு பெற்றார். எல்விஸ் பிரஸ்லியின் காரியஸ்தரோ சில இனங்களில் சரிபாதி வரை எடுத்துக்கொண்டார். சதாசிவமோ 1944-ல் கஸ்தூரிபா ஞாபகார்த்த நிதிக்கென்று தொடங்கி, எண்ணற்ற கச்சேரிகளின் வசூலைத் தர்மத்துக்கே அளித்தார். முடிவில் பத்திரிகையின் கஷ்டத்தால் கல்கி தோட்டத்தையே விற்று, தம்பதிகள் வாடகை வீட்டில் குடியேற நேர்ந்தது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. சட்டப்படி காரியஸ்தன் எஜமானனுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். இவ்விடத்தில் கணவரே காரியஸ்தர். பாடியவரோ பணத்தைத் தம் கையால் எண்ணியவரல்லர். தர்மம் செய்ததும் கடன் பட்டதும் ஒருவர் தீர்மானம். உழைத்த குரல் மற்றொருவருடையது. அம்மையார் மனமுவந்தே இதற்கு இசைந்தார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும், எல்லாக் காரியஸ்தர்களும் சதாசிவம் அல்லர். நல்லெண்ணத்தை மாத்திரம் நம்பி ஒரு கலைஞரின் ஜீவனத்தை ஒப்படைப்பது விவேகமாகாது. கணக்குப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் உரிமை பாடுகிறவருக்கு என்றும் இருத்தல் வேண்டும்.

சதாசிவம் 1997-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் காலஞ்சென்றார். அதற்குப் பின் அம்மையார் பொதுமேடை ஏறவில்லை. தம்மையும் தம் பொருளையும் ஒரு குரலுக்கே அர்ப்பணம் செய்தவர் என்ற பெருமை அவருக்கு நிலைக்கும். அந்தப் பக்தியோடு எழுத்து மூலமான கரார் ஒன்றும் சேர்ந்தால் நமது வித்வான்களின் முதுமைக்காலம் கவலையற்றதாகும் என்பது நமது அபிப்பிராயம்.