வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர்

நம் ஊரின் பெயரை வெளியூரில் சொன்னால் சிலர் பட்டுத் தறிகளைப் பற்றிக் கேட்பார்கள். சிலர் ரயில் நிலையத்தை நினைப்பார்கள். கர்நாடக சங்கீதம் முறையாகப் பயின்றவர்களோ, வேங்கடரமண பாகவதர் வாழ்ந்த ஊரா என்று வியப்போடு கேட்பார்கள். அவர் பெயர் நம் மாணவியரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாகவதர் பிறந்தது நம் ஊரில் அன்று. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே உள்ள அய்யம்பேட்டையில், 1781-ஆம் ஆண்டு, ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தார். சௌராஷ்டிரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத்துப் பக்கத்திலிருந்து தெற்கே வந்தவர்கள். பட்டு நெசவில் பேர்பெற்றவர்கள். ஆகவே வீட்டில் ஒரு மொழி, தெருவில் தமிழ், கற்ற கல்வியோ தெலுங்கிலும் வடமொழியிலும். இந்த மொழியறிவுதான் பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

அந்நாளில் திருவையாற்றில், காவிரிக் கரையில், தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்து வந்தார். அரசர் தந்த பொருளை ஏற்க மறுத்து, தெருவில் பாடிச் சென்று கிடைத்த அரிசியைக் கொண்டு தம் வீட்டாரையும் சீடர்களையும் காத்துவந்தவர் அவர். அவரிடம் பாட்டுக் கற்க வேண்டும் என்ற ஆசையோடு வேங்கடரமணர் போய்ச் சேர்ந்தார்.

போனவுடன் பாடகராகிவிடவில்லை. தொடக்கத்தில் அவர் மந்தமான மாணவராகவே இருந்தார் என்று பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். மற்றவர்கள் கேட்ட பாட்டை உடனே திருப்பிப் பாட, இவர் ஓரமாக உட்கார்ந்திருப்பாராம். நாள்தோறும் குருவின் பூஜைக்குத் துளசி கொண்டுவந்து கொடுப்பதே இவருடைய வேலையாக இருந்ததாம். பாட்டு வகுப்பில் இடம் கிடைக்காத பிள்ளை பூக்கூடையோடு நிற்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் துளசி கொடுத்தவர் அதோடு திரும்பிவிடவில்லை. உள்ளே பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்டுக்கணக்கில் கேட்டார். குருவும் அவரை ஒதுக்கிவிடவில்லை. பொறுமையோடு தனியே கவனித்து ஆளாக்கினார் என்றே கூறுவர்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். தியாகராஜர் உட்கார்ந்து எழுதிப் பாட்டுக் கட்டியவர் அல்லர். உள்ளம் உருகியபோது பாட்டு தானே வரும். அருகிலிருக்கும் சீடர்கள் பல்லவியை ஒருவர், அனுபல்லவியை ஒருவர், சரணத்தை ஒருவர் என மனத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு ஒன்றுசேர்த்துப் பனையோலையில் எழுத்தாணியால் எழுதுவார்கள் என்று சொல்வதுண்டு. ஒரு சொல் தவறினால் பொருள் கெடும்; ராகத்தின் பெயர் விட்டுப்போனால் பாட்டே திசைமாறும். இந்த வேலைக்கு வேகத்தைவிட நிதானம் தேவை. மந்தம் என்று பிறர் எண்ணிய குணம் இங்கே உதவியிருக்கும் என்பது என் எண்ணம். வேங்கடரமணர் குருவின் பாடல்களை ஓலையிலும் காகிதத்திலும் கவனமாக எழுதிச் சேர்த்தார்.

எழுதியவர் பாடவும் கற்றார். பின்பு தாமே பாடல் இயற்றவும் தொடங்கினார். தெலுங்கிலும் வடமொழியிலும் சௌராஷ்டிரத்திலும் அவர் கிருதிகளும் வேறு பாடல்களும் செய்திருக்கிறார். குருவைப் போற்றி வடமொழியில் எட்டுச் செய்யுள்கள் பாடினார். பிறரைப் பற்றிப் பாட அவருக்கு வேண்டிய பிரபுக்கள் இல்லாமலா போயிருப்பார்கள்? அவர் மனம் திருவையாற்று வீட்டிலேயே இருந்தது.

நடுவயதில் நம் வாலாஜாபேட்டையில் குடியேறினார். ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் எழுந்த நம் ஊர், அப்போது நெசவும் வாணிபமும் செழித்த இடம். அய்யம்பேட்டை வேங்கடரமணர் வாலாஜாபேட்டை பாகவதர் ஆனார். அவரைத் தேடி மாணவர்களும் வந்தார்கள். பின்னாளில் மைசூர் அரண்மனை வித்துவானாகப் புகழ்பெற்ற சதாசிவ ராவ் இவரிடம் பயின்றவரே. தியாகராஜர் வடக்கே யாத்திரை வந்தபோது சீடரின் ஊராகிய வாலாஜாபேட்டைக்கும் வந்தார். அவரை வரவேற்கச் சதாசிவ ராவ் தோடி ராகத்தில் ஒரு பாட்டு இயற்றிப் பாடினார் என்பர். ஒருகாலத்தில் துளசி சுமந்து நின்றவர், அன்று தம் மாணவரையே குருவின் முன் நிறுத்திப் பாடவைத்தார்.

1847-ஆம் ஆண்டு ஜனவரியில் தியாகராஜர் மறைந்தார். அவருக்கு ஆண் மக்கள் இல்லை, ஒரே மகள். மகள் வயிற்றுப் பேரனும் சந்ததியின்றி மறைந்தார். எனவே வீட்டுச் சொத்தாக அந்தப் பாட்டுகளைக் காக்க ஒருவரும் மிஞ்சவில்லை. அவை பிழைத்தது சீடர்களால்தான். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று சீடர் பரம்பரைகளை இன்றும் சங்கீத வித்துவான்கள் குறிப்பிடுகிறார்கள். ஒரே கீர்த்தனையை இந்தப் பரம்பரைகள் சிற்சில மாற்றங்களோடு பாடும். அதற்குப் பாடாந்தரம் என்று பெயர்.

பாகவதர் நெடுநாள் வாழ்ந்தார். சென்னை இராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய 1856-இல் அவருக்கு வயது 75. அதைப் பார்க்கப் போனாரோ, வீட்டிலிருந்தே சத்தத்தைக் கேட்டாரோ! 1866-இல் நம் ஊர் நகராட்சியானபோதும் அவர் இருந்தார். 1874-இல், தம் 93-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் இளமையில் தியாகராஜரிடம் பயின்றவர். தந்தையும் மகனும் எழுதிவைத்த குறிப்புகள்தாம் தியாகராஜரின் வாழ்க்கையை அறிய நமக்குள்ள மிகப் பழைய ஆதாரங்கள். நௌகா சரித்திரம், பிரகலாத பக்தி விஜயம் என்னும் இசை நாடகங்களின் பழம் பிரதிகளும் அவர்கள் வீட்டுச் சுவடிகளில் இருந்தன. பேராசிரியர் சாம்பமூர்த்தி முதலிய அறிஞர்கள் இவற்றை எடுத்து ஆராய்ந்தார்கள். இன்று தியாகராஜருடையவை என்று நாம் அறியும் ஏறத்தாழ 700 பாடல்களில் எத்தனையோ பாடல்களுக்கு இந்தச் சுவடிகள் சாட்சி.

அவை இப்போது நம் ஊரில் இல்லை. மதுரையில் சௌராஷ்டிர சபையார் அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வாலாஜாபேட்டைச் சுவடிகள் என்ற பெயரிலேயே.