சிறு பொறியின் பெருமை

பழம்பொருளைப் போற்றுவோர் எந்நாட்டிலும் உளர். பழைய நாணயங்களைச் சேர்ப்போரும், பழைய மோட்டார் வண்டியைத் துலக்கி ஓட்டுவோரும், ஏட்டுச்சுவடிகளைத் தேடிக் காப்போரும் இவ்வகையினர். இக்காலத்திலே இவ்வரிசையில் மற்றுமொரு கூட்டத்தார் சேர்ந்துள்ளனர். பிறர் பயனற்றவை என ஒதுக்கிய பழைய கணினிகளைத் தேடியெடுத்து, பழுது நீக்கி, அவற்றினின்று இயன்றமட்டும் வேலை வாங்கி மகிழ்வோரே அவர்கள். 1981 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த சின்கிளயர் இசட்எக்ஸ் 81 என்னும் சிறு கணினி அவர்கள் விரும்பும் பொருள்களுள் ஒன்று. அதனுடன் வந்த நினைவகம் 1,024 எழுத்துகளையே கொள்ளவல்லது. அவ்வளவு சிறிய இடத்துள், சில விதிகள் நீங்கலாகச் சதுரங்கம் ஆடும் நிரல் ஒன்றை ஒருவர் அடக்கிக் காட்டினார். அந்நிரலுக்குச் செலவான இடம் 672 எழுத்துகளே.

இது வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணலாம். அவ்வாறன்று. சிறிய பொறிக்கும் பெரிய பொறிக்கும் இடையேயுள்ள வேறுபாடு எத்தகையது என்னும் ஆழ்ந்த வினா இதனுள் அடங்கியுள்ளது. அவ்வினாவுக்குக் கணித முறையால் விடை கண்டவர் அலன் டியூரிங் என்னும் ஆங்கிலேய அறிஞர். அன்னாரது வாழ்வை அறிதல் நம் மலைநாட்டு மாணவர்க்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் பெரிதும் பயன்தரும்.

டியூரிங் 1912 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள் இலண்டனிலே பிறந்தார். ஆயினும் அவர் குடும்பத்தின் தொடர்பு தமிழகத்தோடு நெருங்கியது. தந்தையார் ஜூலியஸ், சென்னை மாகாணத்திலே இந்திய ஆட்சிப் பணி புரிந்தவர். தாயார் எத்தல் சாரா பிறந்தது கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில். தாய்வழிப் பாட்டனார் எட்வர்ட் ஸ்ரோனி, சென்னை இருப்புப்பாதைத் துறையின் தலைமைப் பொறியியலாளராக விளங்கியவர். அவரது இல்லம் நம் ஊவா மலைகளைப் போன்றே தேயிலை விளையும் நீலகிரிக் குன்னூரிலே இருந்தது. பெற்றோர் இந்தியாவில் இருக்க, குழந்தை அலனும் தமையனும் இங்கிலாந்தின் தென்கரையிலே வேற்றார் வீட்டில் வளர்க்கப்பெற்றனர். கடல் கடந்து பொருள் தேடுவோரின் பிள்ளைகள் படும் தனிமையை அச்சிறுவரும் நன்கு அறிந்திருந்தார்.

1926 இல் ஷேர்போர்ன் என்னும் பாடசாலையிலே சேரப் புறப்பட்ட நாளில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது, புகைவண்டி ஓடவில்லை. பதினான்கு அகவை நிரம்பாத அச்சிறுவர் சவுத்தாம்ரன் துறைமுகத்தில் இறங்கி, அறுபது மைலுக்கு மேற்பட்ட தொலைவை இருநாளில் துவிச்சக்கரவண்டியிலே கடந்து பாடசாலையை அடைந்தார். கையில் உள்ளதைக் கொண்டு காரியம் முடிக்கும் இயல்பு அன்றே அவரிடம் காணப்பட்டது. அங்கே அவருக்கு வாய்த்த உயிர்த்தோழர் கிறிஸ்தோபர் மோர்கம் 1930 இல் நோயால் இறந்தார். அத்துயரம் டியூரிங்கின் உள்ளத்தைவிட்டு என்றும் நீங்கவில்லை. 1931 இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி புகுந்து, 1935 இல், இருபத்திரண்டாம் அகவையிலேயே, அக்கல்லூரியின் ஆய்வாளர் குழாத்தில் ஓர் உறுப்பினரானார்.

1936 இல் அவர் எழுதி வெளியிட்ட கட்டுரையே இன்றைய கணினி இயலுக்கு அடிக்கல். அன்று கணிப்பவர் என்றால் தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிடும் மனிதர் என்றே பொருள். அம்மனிதர் செய்வதென்ன? கட்டமிட்ட தாளிலே ஒரு குறியைப் பார்க்கிறார். மனத்தில் உள்ள விதிப்படி அதனை அழிக்கிறார் அல்லது வேறு குறி எழுதுகிறார். அடுத்த கட்டத்திற்கு நகர்கிறார். இவ்வளவே செய்யவல்ல ஒரு பொறியை டியூரிங் மனத்தளவில் அமைத்தார். பின்னர், எந்தப் பொறியின் விதிகளையும் நாடாவிலே எழுதிக் கொடுத்தால், அப்பொறியாகவே நடந்துகொள்ளும் பொதுப்பொறி ஒன்றும் இயலும் என நிறுவினார். எந்தப் பொறியாலும் விடைகாண இயலாத வினாக்களும் உள எனக் காட்டியது அக்கட்டுரையின் மற்றொரு பயன்.

இதன் பொருளை வாசகர் சற்றே ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பொதுப்பொறியின் தன்மை ஒருமுறை அமைந்துவிட்டால், சிறிய கணினிக்கும் பெரிய கணினிக்கும் இடையே சாதி வேற்றுமை இல்லை. வேண்டிய நேரமும் எழுதும் இடமும் கிடைக்குமாயின், பெரியது கணிப்பதனைச் சிறியதும் கணிக்கும். வேறுபாடு விரைவிலும் இடத்திலுமே, வகையில் அன்று. பழைய கணினியை இயக்குவோர், தாம் அறிந்தோ அறியாமலோ, இவ்வுண்மையின் மீதே நிற்கின்றனர்.

1939 இல் உலகப் போர் மூண்டது. பிரித்தானியா போர் அறிவித்த மறுநாளே டியூரிங் பிளெச்லி என்னுமிடத்தில் அமைந்த மறைமொழி ஆய்வு நிலையத்திலே பணியேற்றார். செருமானியர் தம் செய்திகளை எனிக்மா என்னும் பொறியால் மறைத்து அனுப்பினர். போலந்து நாட்டு அறிஞர்கள் அதனுள் வழிகண்டு, தாம் கண்டவற்றைப் போருக்குச் சற்று முன்னரே ஆங்கிலேயருக்கு உரைத்திருந்தனர். அவ்வழியை விரித்து, பொம் என்னும் பெரும்பொறியை டியூரிங் வகுத்தார். கோர்டன் வெல்ச்மன் அதனை மேலும் கூர்மையாக்கினார். முதற் பொறி 1940 இல் இயங்கத் தொடங்கியது. செய்தியில் இன்ன சொல் இருக்கும் என ஊகித்து, அவ்வூகத்தோடு முரண்படும் நிலைகளை ஒருங்கே தள்ளுவதே அதன் நெறி. ஒவ்வொன்றாகச் சோதித்துக் காலம் போக்காமல், ஒரு முரண்பாட்டிலிருந்து பல முரண்பாடுகளைப் பெற்று, பெரும்பகுதியை ஒரே வீச்சில் விலக்கியது அது.

ஆயினும் அப்பொறிகள் தொடக்கத்திலே மிகச் சிலவே. கடற்படைச் செய்திகளுக்கோ எட்டுச் சில்லுகளுள் மூன்றைத் தெரிந்து வரிசைப்படுத்தும் வகைகள் 336. அத்தனையையும் பொறியிலே இட்டுப் பார்த்தால் செய்தி பழையதாகிவிடும். இடையிலே கப்பல்கள் மூழ்கிவிடும். டியூரிங் என்ன செய்தார்? துளையிட்ட நீண்ட தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி, துளைகள் எத்தனை இடங்களில் ஒன்றுபடுகின்றன எனக் கணக்கிட்டு, பொருந்தாத வரிசைகளை முன்னரே கழிக்கும் முறையொன்றை ஆக்கினார். தாள்கள் பான்பரி என்னும் ஊரில் அச்சிடப்பட்டமையால் அம்முறைக்கு அவ்வூரின் பெயராலேயே பான்புரிஸ்மஸ் எனப் பெயர் வந்தது. பொறி குறைவாக இருந்தபோது அறிவு அக்குறையை நிரப்பிய வகை இது.

அந்நாளில் அவர் ஏறிச்சென்ற துவிச்சக்கரவண்டியின் சங்கிலி அடிக்கடி கழன்றுவிடும். புதியது வாங்காமல், எத்தனை சுற்றுக்கு ஒருமுறை கழல்கிறது என எண்ணி, அதற்கு முன்னரே இறங்கிச் சங்கிலியைக் கையால் சரிசெய்து ஓட்டிவந்தார் என அவரை அறிந்தோர் கூறுவர். இதைக் கொண்டு அவர் எக்குறையையும் பொறுத்துக்கொண்டிருந்தார் என முடிவு செய்தல் தவறு. 1941 ஒக்டோபரில், ஆட்பற்றாக்குறையால் தம் பணி தடைபட்டபோது, அவரும் தோழர் மூவரும் மேலதிகாரிகளைக் கடந்து பிரதமர் சேர்ச்சிலுக்கே கடிதம் எழுதினர். வேண்டியவை உடனே வழங்கப்படல் வேண்டும் எனப் பிரதமர் கட்டளையிட்டார். உள்ளதைக் கொண்டு முழுப்பயன் கொள்வதும், உரியதைத் தயங்காது கேட்பதும் அவரிடம் ஒன்றாகவே நின்றன.

போர் முடிந்தபின் 1945 இல் தேசியப் பௌதிக ஆய்வுகூடத்திலே சேர்ந்து, ஏஸ் என்னும் கணினியை வரைந்தார். அதன் நினைவகம் பாதரசம் நிறைந்த குழாய்கள். எண்கள் ஒலித்துடிப்புகளாகி ஒருமுனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி, மீண்டும் தொடக்கத்துக்கே செலுத்தப்பட்டுச் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குச் சற்று மேற்பட்ட நேரம் செல்லும். வேண்டிய எண் அப்பொழுதுதான் கடந்துபோயிருந்தால், பொறி ஒரு முழுச் சுற்று வாளா காத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டளையும் தேவைப்படும் அக்கணத்திலேயே குழாயின் முனைக்கு வந்துசேருமாறு அவற்றை இடம்பார்த்து வைக்கும் முறையை அவர் வகுத்தார். வாய்க்கால் நீர் வரும் முறையறிந்து மடை திறக்கும் உழவரின் திறமை போன்றது இது. நிர்வாகத் தாமதத்தால் மனம் சலித்து டியூரிங் விலகியபின், வில்கின்சன் முதலியோர் அவ்வரைவினின்று சிறியதொரு மாதிரிப் பொறியை அமைத்தனர். 1950 மே மாதம் அது இயங்கியது. அமெரிக்காவின் எனியாக் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டிருந்தது. இதனிடமோ ஏறத்தாழ ஆயிரமே இருந்தன. எனினும் அக்காலத்து மிக விரைந்த கணினிகளுள் ஒன்றாக இது விளங்கியது. இன்று இது இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் உடைமை.

1948 இல் மான்செஸ்ரர் பல்கலைக்கழகம் சென்ற டியூரிங், பொறியே இல்லாமலும் நிரல் எழுதலாம் எனக் காட்டினார். சதுரங்கம் ஆடும் விதிகளைத் தாளில் எழுதி, 1952 இல் தாமே பொறியாக அமர்ந்து, ஒவ்வொரு நகர்வுக்கும் ஏறத்தாழ அரைமணி நேரம் கணக்கிட்டு ஆடினார். ஆட்டத்திலே அவர் தாள் தோற்றது. ஆயினும் பொறிகள் பின்னாளில் சென்ற வழி அங்கே திறந்தது. மேலே கூறிய 672 எழுத்து நிரலும் அவ்வழி வந்ததே. பொறி சிந்திக்குமா என்னும் வினாவை ஆராய்ந்து 1950 இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் அறிஞரால் வாதிக்கப்படுவது.

இத்தகையவரை அவர் நாடு நடத்திய விதம் வருந்தத்தக்கது. ஆண்பாலரிடையேயான உறவை அக்காலச் சட்டம் குற்றமென வைத்திருந்தது. 1952 இல் அவர் அதன்கீழ்த் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக, உடலை மாற்றும் மருந்து ஓராண்டு செலுத்தப்பட்டது. அரசின் இரகசியப் பணிகளும் அவருக்கு மறுக்கப்பட்டன. 1954 ஜூன் 7 ஆம் நாள் நஞ்சால் இறந்தார், அகவை நாற்பத்தொன்றே. தற்கொலை என்றது விசாரணை. தாயார் அதை இறுதிவரை ஏற்கவில்லை. போர்க்காலத்தில் அவர் ஆற்றிய தொண்டு 1970கள் வரை பொதுமக்களுக்கு மறைக்கப்பட்டே இருந்தது. பிரித்தானியப் பிரதமர் 2009 இல் மன்னிப்புக் கோரினார். 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021 இல் ஐம்பது பவுண் நாணயத்தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. காலங்கடந்து வந்த நீதி நீதியே எனினும், இழந்த ஆண்டுகளை அது மீட்டுத் தாராது.

போரின் பின் பொம் பொறிகள் உடைத்தழிக்கப்பட்டன. எஞ்சிய வரைபடங்களைக் கொண்டு, தன்னார்வத் தொண்டர்கள் பல்லாண்டு உழைத்து, அப்பொறியை மீள அமைத்து 2007 இல் இயங்கச் செய்தனர். பழம்பொறியை நேசிப்போரின் உழைப்பு வெறும் ஏக்கம் அன்று என்பதற்கு இதுவே சான்று. மறைக்கப்பட்ட ஒரு மனிதரின் அறிவை அவர்கள் மீண்டும் கண்முன் சுழலச் செய்தனர்.

இனி நம் நிலைக்கு வருவோம். வெலிமடையைச் சூழ்ந்த தோட்டங்களிலே, நகரத்தார் கழித்த பழைய கணினியொன்று ஒரு பாடசாலைக்கு வந்துசேருமாயின், இதிலே என்ன கற்பது என அதனைத் துணியால் மூடிவைத்தல் தகாது. எண்ணை வரிசைப்படுத்தவும், நிரல் எழுதவும், பிழை கண்டு திருத்தவும் அதுவே போதும். விரைவு குறைந்த பொறியே கட்டளையைச் சுருக்கி எழுதும் நல்ல பழக்கத்தை மாணவருக்குத் தரும். அதேவேளை, தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களிலேதான் என்பதை நாம் மறத்தலாகாது. நீண்டகாலம் குறைந்ததைக் கொண்டு நிறைவடையுமாறு சொல்லப்பட்டு வந்த மக்கள் நாம். சிறு பொறியின் பெருமையைப் பேசுவது, பெரியதை நமக்கு மறுப்போருக்கு ஒரு சாட்டு ஆகிவிடக் கூடாது. கையிலுள்ள பொறியிலே முழுவதையும் கற்போம். இல்லாததை உரியவரிடம் எழுதிக் கேட்போம். டியூரிங் இவ்விரண்டையும் செய்தார்.