ஓர் இரவு காட்டிய வழி

நுழையுமுன்

நோயுற்றோருக்கு மருந்து மட்டும் போதுமா? அருகில் அமர்ந்து ஆறுதல் கூறுவோரும் வேண்டுமன்றோ? பிறர் துயரைத் தம் துயராகக் கருதிய ஒரு பெண்மணியின் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

மைசூரிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் செல்வோர் காட்பாடிச் சந்திப்பைக் கடந்தே செல்வர். அந்நிலையத்தில் நோயாளிகளையும் அவர்தம் உறவினரையும் நாள்தோறும் காணலாம். வங்காளம் முதலிய தொலைதூர மாநிலங்களிலிருந்தும் பலர் வந்து இறங்குவர். பாலாற்றின் தென்கரையில் உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே அவர்கள் நாடி வரும் இடமாகும். இன்று புகழுடன் விளங்கும் அம்மருத்துவமனை, ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஆவார்.

ஐடா 1870ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து வந்து மருத்துவத் தொண்டு ஆற்றியவர்கள். ஐடா சிறுமியாக இருந்தபோது தாது ஆண்டுப் பஞ்சம் தமிழகத்தை வாட்டியது. பசியால் மெலிந்த குழந்தைகளுக்கு அவர் தம் சிறு கைகளால் உணவு வழங்கினார். அக்காட்சி அவர் உள்ளத்தை அச்சுறுத்தியது. பின்னர் அமெரிக்கா சென்று கல்வி கற்ற அவர், இந்தியாவில் வாழ விரும்பவில்லை. துன்பம் மிகுந்த இடத்தைவிட்டு விலகி வாழவே எண்ணினார்.

தாயார் நோயுற்றதால், 1890ஆம் ஆண்டில் அவர் திண்டிவனத்துக்கு வர நேர்ந்தது. சில காலம் தாய்க்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பிச் செல்வதே அவர் நோக்கம். அப்போதுதான் அந்த இரவு வந்தது.

வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த மூன்று ஆடவர் அன்றிரவு ஒருவர்பின் ஒருவராக வந்தனர். மூவருடைய மனைவியரும் மகப்பேற்றில் இடர்ப்பட்டு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஐடா தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். ஆண் மருத்துவர் பெண்களைப் பார்ப்பதை அக்கால வழக்கம் ஏற்கவில்லை; ஆகவே அவர்கள் ஐடாவையே அழைத்தனர். ஐடாவோ மருத்துவம் கற்காதவர். மூவரும் வெறுங்கையுடன் திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

அத்துயரம் ஐடாவின் எண்ணத்தை மாற்றியது. எத்துன்பத்தைவிட்டு விலக எண்ணினாரோ, அதனிடமே திரும்பி வர முடிவு செய்தார். அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1899ஆம் ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மனைவியை இழந்த நியூயார்க் வங்கியாளர் ஒருவர், அவர் நினைவாக மருத்துவமனை கட்டப் 10,000 டாலர் வழங்கினார். ஒருவரின் பிரிவுத்துயர் பலரின் உயிர் காக்கும் உதவியாயிற்று.

1900ஆம் ஆண்டு வேலூரில், தம் வீட்டிலேயே ஒரு படுக்கையுடன் ஐடா பணியைத் தொடங்கினார். சில திங்களில் அவருடைய தந்தை இறந்தார். தம் துயரத்திடையிலும் அவர் நோயாளிகளைக் கைவிடவில்லை. 1902ஆம் ஆண்டில் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களுக்காக, குடியாத்தம் சாலையில் குறித்த நாளில் சென்று மருத்துவம் செய்தார். மர நிழலில் குழந்தைகளுடன் தாய்மார் அவர் வரவுக்காகக் காத்திருந்தனர்.

மருத்துவர் ஒருவர் மட்டும் எத்தனை நோயாளிகளைக் காக்க இயலும்? மருத்துவர் பார்த்துச் சென்றபின், இரவெல்லாம் நோயாளியின் அருகில் இருப்பவர் யார்? வேளை தவறாமல் மருந்து கொடுத்தல், புண்ணைத் தூய்மை செய்தல், கஞ்சி புகட்டுதல், வலியால் அழும் குழந்தையின் கையைப் பற்றிக்கொள்ளுதல் ஆகியன செவிலியர் பணிகள். எவ்வளவு முயன்றும் சில உயிர்களைக் காக்க இயலாது. அவ்வேளையில் பிள்ளையை இழந்த பெற்றோரின் அருகில் நிற்பவரும் செவிலியரே. அவர்களும் மனிதர்தாம், நாள்தோறும் பேணிய குழந்தை மறைந்தால் அவர்கள் கண்களும் கலங்கும். ஆயினும், அடுத்த படுக்கையில் மற்றொரு குழந்தை காத்திருக்கும். அத்துயரைத் தாங்கிக்கொண்டு மீண்டும் புன்னகையுடன் பணி செய்வதே செவிலியரின் மனவலிமை.

பெண்கள் செவிலியராவதைக் குடும்பத்தினர் பலர் விரும்பாத காலம் அது. அக்காலத்திலேயே, 1909ஆம் ஆண்டில், ஐடா வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். அப்பள்ளியே வளர்ந்து மருத்துவக் கல்லூரியாயிற்று. இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு 1946ஆம் ஆண்டு முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இரு இடங்களுள் வேலூரும் ஒன்றாகும், மற்றொன்று தில்லி.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960ஆம் ஆண்டு மே திங்களில், தம் 89ஆம் அகவையில், கோடைக்கானலில் இயற்கை எய்தினார். அன்றிரவு இறந்த மூன்று பெண்களை அவரால் மீட்க முடியவில்லை. ஆனால், உதவி தேடி வருவோர் வெறுங்கையுடன் திரும்பக்கூடாது என்பதற்காகத் தம் வாழ்நாள் முழுவதையும் அளித்தார். துயரம் நம்மை வருத்த மட்டும் வருவதன்று. நாம் செய்யவேண்டிய கடமையைக் காட்டவும் அது வரக்கூடும்.

சொற்பொருள்

அகவை – வயது
இடர் – துன்பம்
செவிலியர் – நோயாளிகளைப் பேணுபவர்
திங்கள் – மாதம்
மகப்பேறு – குழந்தை பெறுதல்

சிந்தித்து விடை எழுதுக

1. ஐடா முதலில் இந்தியாவில் வாழ விரும்பாதது ஏன்?
2. மூன்று ஆடவரும் வெறுங்கையுடன் திரும்பக் காரணம் யாது?
3. செவிலியரின் மனவலிமை எத்தகையது?

செயல்பாடு

உங்கள் குடும்பத்தில் எவரேனும் நோயுற்றிருந்தபோது அவரைப் பேணியவர் யார்? அவர் செய்த உதவிகளை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து, தமிழில் ஐந்து தொடர்கள் எழுதுக.