மழை ரேடாருக்கும் ஜெகதீஷ் சந்திர போஸுக்கும் என்ன சம்பந்தம்? காப்புரிமையை கண்டுக்காத வாத்தியாரின் கதை!

கல்வராயன் மலையில் மழை கொட்டினால் கோமுகி அணைக்கும் மணிமுக்தா அணைக்கும் தண்ணீர் பாய்ந்து வரும். கீழே கள்ளக்குறிச்சி பக்கம் ஆற்றோரம் இருப்பவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். மேகத்தைக் கண்காணிக்க சென்னையிலும் காரைக்காலிலும் ரேடார்கள் இருக்கின்றன. சில சென்டிமீட்டர் நீளமே உள்ள அலைகளை அனுப்பி, மழைத்துளியில் பட்டுத் திரும்புவதை அளப்பதுதான் அவற்றின் வேலை.

இந்த மாதிரி சின்ன அலைகளை 1890-களிலேயே கல்கத்தாவில் உருவாக்கிக் காட்டியவர் ஜெகதீஷ் சந்திர போஸ். செடிகளின் உணர்வு பற்றி பள்ளியில் படித்திருப்பீர்களே, அதே போஸ்தான்!

1858-ல் இன்றைய வங்கதேசத்தில் பிறந்தவர். லண்டனுக்கு டாக்டர் படிப்புக்குப் போய், உடம்புக்கு முடியாமல் கேம்பிரிட்ஜில் அறிவியலுக்கு மாறினார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. இந்தியர் என்பதால் வெள்ளைக்காரர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். தற்காலிகப் பணி என்று அதிலும் பாதியை வெட்டினார்கள்.

போஸ் சம்பளமே வாங்கவில்லை. ஆனால் வகுப்புக்குத் தவறாமல் போனார். ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லை... மூணு வருஷம்! அதுவும் அப்பாவின் கடன் வீட்டை அழுத்திய நேரத்தில். கடைசியில் முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். சத்யேந்திர நாத் போஸ், மேக்நாத் சாஹா எல்லாம் பின்னாளில் அவரிடம் படித்தவர்கள்.

ஆய்வகம் என்று பார்த்தால் ஒரு சின்ன அறை. கருவி செய்ய உள்ளூர் தகரக் கொல்லர். அலை அதிரும் திசையைப் பிரிக்க, ரயில் டைம்டேபிள் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாளைச் செருகினார். அதைத் திருப்ப, முறுக்கிய சணல் கட்டு! இதை வைத்தே 5 மில்லிமீட்டர் அலை வரை போனார். 1895-ல் பொதுமேடையில், சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தை வெடிக்க வைத்தார்.

இந்த அலைகளைப் பிடிக்க அவர் கலீனா படிகத்தில் செய்த கருவிக்கு 1904-ல் அமெரிக்க காப்புரிமை கிடைத்தது. அதுவும் நண்பர்கள் விடாமல் சொன்னதால் விண்ணப்பித்ததுதான். அதை வைத்து அவர் காசு பார்க்கவே இல்லை, அப்படியே காலாவதியாக விட்டுவிட்டார். பிறகு கவனம் செடிகள் பக்கம் திரும்பியது. 1917-ல் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஒன்று மட்டும் தெளிவாக்கிடுவோம். ரேடாரைக் கண்டுபிடித்தது போஸ் என்று வரும் ஃபார்வர்டுகளை நம்பாதீங்க. 1935-ல் இங்கிலாந்தில் வாட்சன் வாட் குழு விமானத்தைக் கண்டறிந்து காட்டியபோது பயன்படுத்தியது சுமார் 50 மீட்டர் அலை. சென்டிமீட்டர் அலைக்கு ரேடார் வந்து சேர்ந்தது 1940-ல், அதற்குப் போதுமான சக்தி தரும் மேக்னட்ரான் குழாய் வந்த பிறகுதான்.

போஸ் அதைப் பார்க்கவில்லை. 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் காலமானார். இன்றைக்கு புது கார்களில் முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடாரின் அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர். டைம்டேபிளையும் சணலையும் வைத்து அவர் தொட்ட அளவுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.