இரும்பின் சோர்வை அளந்த அறிஞர்

எறும்பூரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. இவ்வுண்மை இரும்புக்கும் பொருந்துமோ? ஒரு முறை எளிதாகத் தாங்கிய சுமையையே பன்முறை தாங்க நேர்ந்தால் இரும்பும் ஒடிந்துவிடுமோ? இவ்வினாவிற்கு முறையான சோதனைகளால் விடை கண்டவர் ஆகஸ்ட் வோலர் என்னும் ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் ஆவார்.

வோலர் 1819-ஆம் ஆண்டில் வட ஜெர்மனியிலுள்ள சோல்டாவ் என்னும் ஊரில் பிறந்தார். ஹானோவர் நகரில் தொழிற்கல்வி பயின்றபின், பெர்லினில் புகைவண்டி எந்திரங்கள் செய்யும் போர்சிக் தொழிற்சாலையில் பணியாற்றினார். 1847-இல் ஓடர் ஆற்றங்கரையிலுள்ள பிராங்க்பர்ட் நகரின் புகைவண்டிப் பணிமனைக்குத் தலைவரானார்.

அந்நாளில் புகைவண்டி மக்களுக்கு வியப்பையும் அச்சத்தையும் ஒருங்கே அளித்தது. 1842-இல் பிரான்சு நாட்டில், வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குச் சென்ற வண்டியின் எந்திர அச்சு ஒடிந்தது. பெட்டிகள் மோதித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குறையற்றவை எனத் தோன்றிய அச்சுகள் இவ்வாறு திடீரென ஒடிவதன் காரணம் விளங்கவில்லை. நெடுநாள் அதிர்வினால் இரும்பின் அமைப்பே மாறிவிடுகின்றது எனப் பலர் எண்ணினர்.

வோலர் எண்ணத்தோடு நில்லாது சோதனையில் இறங்கினார். சுமை தாங்கிச் சுழலும் அச்சின் ஒரு புறம் இழுக்கப்படும், எதிர்ப்புறம் அமுக்கப்படும். அரைச் சுற்றில் இவை இடம் மாறும். ஓடும் வண்டியில் அச்சு எவ்வளவு வளைகின்றது என்பதை அளக்க அவர் முதலில் ஒரு கருவி அமைத்தார். பின்னர், உலோகத் துண்டுகளைச் சுழற்றி வளைக்கும் பொறிகளைச் செய்து, அவை ஒடியும்வரை சுற்றுகளை எண்ணினார். சில துண்டுகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுற்றுகளைத் தாங்கின.

1870-இல் அவர் தம் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். ஒரே முறையில் ஒடிக்கப் போதாத விசையும், திரும்பத் திரும்பச் செயற்படின் இரும்பை ஒடித்துவிடும். விசையின் ஏற்றத்தாழ்வு குறையக் குறைய இரும்பின் ஆயுள் கூடும். ஓர் எல்லைக்குக் கீழே அது ஒடியாது நெடிது நிலைக்கும். அச்சின் பருமன் சட்டென மாறும் மூலைகளில் வலிமை குன்றும். இவையே அவர் கண்ட உண்மைகள்.

வோலரின் முறை, உலோகம் எத்தனை சுற்றில் ஒடியும் என்று கூறியது. ஆனால், முன்னரே விரிசல் கண்ட பொருள் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அது கூறவில்லை. 1954-இல் காமெட் விமானங்கள் இரண்டு உலோகச் சோர்வினால் வானிலேயே சிதறியபோது, இக்குறையின் கொடுமையை உலகம் உணர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் பால் பாரிஸ் வேறு வழி காட்டினார். விரிசலின் நீளத்தையும் விசையின் ஏற்றத்தாழ்வையும் இணைத்து, ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் எவ்வளவு வளரும் எனக் கணக்கிடுவது அவர் முறை. புதிய உறுப்பை வடிவமைக்க முன்னது உதவும்; விரிசல் கண்ட உறுப்பை எப்போது மீண்டும் சோதிப்பது என்று முடிவு செய்யப் பின்னது உதவும். ஒன்று மற்றொன்றின் குறையை நிரப்புகின்றது.

வோலர் 1914-இல் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். விசைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வரைகோடு இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. விபத்துக்கு விதியை நோவதினும், அதன் காரணத்தைப் பொறுமையுடன் எண்ணிக் காண்பதே உயிர்களைக் காக்கும் வழி என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகின்றது.