கரியால் பஸ் ஓட்டியவர்

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியால் பஸ் ஓட வழி செய்தவர் ஒருவர் மதுரையில் இருந்தார். அவர்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

திருநெல்வேலி மாவட்டம், திருக்குறுங்குடியில் 1877ல் பிறந்தார். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாம் பார்த்தார். பிறகு துணிந்து 1912ல் மதுரையில் பஸ் விட்டார். மாட்டு வண்டியை நம்பியிருந்த மக்கள் மகிழ்ந்தனர்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942ல் பர்மாவை ஜப்பான் பிடித்தது. அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன்! பஸ் நின்றால் மதுரைக்குக் காய்கறி கொண்டுவரும் விவசாயியும், ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியும் என்ன செய்வார்கள்?

சுந்தரம் அய்யங்கார் சோர்ந்துவிடவில்லை. 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற கருவியை உருவாக்கினார். அது எப்படி வேலை செய்யும் தெரியுமா? வண்டியில் ஓர் இரும்பு உலை இருக்கும். அதில் மரக்கரியை மூட்டி, குறைவாகக் காற்று விடுவார்கள். கரி முழுதாக எரியாமல், எரியக்கூடிய வாயு உண்டாகும். அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி என்ஜினுக்கு அனுப்பினால் வண்டி ஓடும். கிளம்புமுன் உலையை மூட்டிக் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் அளவுக்கு இழுவையும் இருக்காது. ஆனாலும் பயணம் நிற்கவில்லை.

1955ல் அவர் மறைந்தார்.

இன்றும் நமக்குத் தேவையான எண்ணெயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. வண்டி டயரில் காற்று குறைந்தாலும், நிற்கும்போது என்ஜின் ஓடினாலும் எரிபொருள் வீணாகும். இதை இன்றே அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவுக்கு நீங்கள் நடந்தே போங்கள்!